கரியைச் சேமித்துக் கடலை மிரட்டிய கப்பல்

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து நமுனுகுலை மலையில் மோதும். அப்போதுதான் பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் மழை கொட்டும். வைகாசிக்குப் பின் எழும் தென்மேற்குக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே தன் ஈரத்தை இறக்கிவிடும். ஊவாப் பக்கம் அது காய்ந்த கச்சானாகத்தான் இறங்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கொழுந்தின் நீரை வற்றவைத்து ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது அந்தக் கச்சான்தான்.

இந்த இரண்டு காற்றுகளும் நெடுங்காலம் இந்து சமுத்திரத்தின் கப்பல் அட்டவணையாகவும் இருந்தன. 1864 ஜனவரியில் ஒரு நீராவிப் போர்க்கப்பல் வாடையைப் பிடித்துக்கொண்டு, மலாக்கா நீரிணையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து, இலங்கையைச் சுற்றி மலையாளக் கரையை நோக்கிச் சென்றது. அதன் பெயர் அலபாமா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலக் கூட்டமைப்புக்காக அது ஓடியது. அதன் வெற்றியின் இரகசியம் பீரங்கியில் இல்லை. நிலக்கரியை எப்போது எரிப்பது, எப்போது எரிக்காமல் விடுவது என்ற கணக்கில் இருந்தது.

எண் 290

1860-61இல் அடிமை முறையைக் காப்பதற்காகத் தென் மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தன. அவற்றிடம் பருத்தி இருந்தது, கப்பற்படை இல்லை. வட மாநிலக் கடற்படை தென்பகுதித் துறைமுகங்களை அடைத்தது. பருத்தி வெளியேற முடியாமல் போகவே இங்கிலாந்தின் நூற்பாலைகள் பஞ்சுக்குத் தவித்தன. அந்தத் தவிப்பில் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் விலை ஏறியது.

முற்றுகையை உடைக்கத் தென் மாநிலங்களால் முடியாது. எதிரியின் வணிகக் கப்பல்களை உலகெங்கும் வேட்டையாட முடியும். அதற்கென ஜேம்ஸ் புல்லக் என்ற முகவர் இங்கிலாந்துக்குப் போய், பேர்க்கன்ஹெட்டில் உள்ள லெயார்ட் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு கப்பலுக்குச் சொல்லிவைத்தார். பிரித்தானியா நடுநிலை நாடு. ஆகவே கட்டும்போது அதற்கு வெறும் எண் 290. 1862 மே 15இல் நீரில் இறக்கியபோது 'என்ரிக்கா' என்று ஒரு பெயர். ஜூலை 29இல் சோதனை ஓட்டம் என்று சொல்லிப் புறப்பட்டது, திரும்பவே இல்லை. அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு, ஒகஸ்ட் 24இல் 'அலபாமா' என்ற போர்க்கப்பல் ஆனது. தலைவர் ரஃபேல் செம்ஸ். மாலுமிகளில் பெரும்பாலோர் பிரித்தானியத் துறைமுகங்களில் சேர்ந்தவர்கள். தன் நாட்டின் துறைமுகம் ஒன்றில் அந்தக் கப்பல் கடைசிவரை நங்கூரம் போட்டதே இல்லை.

தூக்கி வைக்கக்கூடிய புரொப்பெல்லர்

அலபாமா மரத்தால் ஆனது. நீளம் 220 அடி, எடை ஏறத்தாழ 1,050 தொன். பீரங்கிகள் எட்டு. மூன்று பாய்மரங்களும் இரண்டு கிடைநிலை நீராவி இயந்திரங்களும் ஒரு புரொப்பெல்லரும் அதற்கு இருந்தன. பாயும் நீராவியும் சேர்ந்தால் மணிக்கு 13 கடல் மைல் வரை ஓடும்.

பாயில் ஓடும்போது நின்றுபோன புரொப்பெல்லர் தண்ணீரைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். பாயே வேண்டாம் என்றால் கரி தீர்ந்த இடத்தில் கப்பல் மிதக்க வேண்டியதுதான். அலபாமாவில் புரொப்பெல்லரை அச்சிலிருந்து கழற்றி, கப்பலின் பின்புறம் உள்ள கிணறு போன்ற பள்ளத்துக்குள் தூக்கி வைத்துவிடலாம். அப்படி வைத்ததும் அது முழுப் பாய்க்கப்பல். எதிரே ஒரு கப்பல் தென்பட்டு, காற்றும் விழுந்துவிட்டால், புரொப்பெல்லரை இறக்கி, கொதிகலனை மூட்டி, நீராவிக் கப்பலாக மாறலாம்.

இந்த ஏற்பாடு எதற்கு என்பதைச் சிறு கணக்கு சொல்லும். இடைவிடாது நீராவியில் ஓடினால் கப்பலில் உள்ள கரி 18 நாட்களுக்குத்தான் வரும் என்று செம்ஸ் பின்னாளில் எழுதினார். மணிக்கு 10 கடல் மைல் என்று வைத்தாலும் 18 நாட்களில் 4,320 கடல் மைல்தான். சிங்கப்பூரிலிருந்து நன்னம்பிக்கை முனைக்கு 5,000 கடல் மைலுக்கு மேல். நீராவியை மட்டும் நம்பியிருந்தால் இந்து சமுத்திரத்தை ஒரு தடவைகூட அதனால் கடந்திருக்க முடியாது.

இயற்பியல் இன்னும் கடுமையானது. தண்ணீரைக் கிழித்துச் செல்லும் கப்பலுக்கு வேண்டிய வலு, வேகத்தின் மும்மடி விகிதத்தில் ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு வலு வேண்டும். நேரம் பாதியாவதால், ஒரே தூரத்துக்கு எரியும் கரி நான்கு மடங்காகும். அதனால்தான் இன்றைய கொள்கலன் கப்பல்களும் எரிபொருள் விலை ஏறும்போது மெதுவாக ஓடுகின்றன.

அந்தக் கால இயந்திரங்களும் கரியை வீணாக்கின. ஒரு குதிரைவலுவை ஒரு மணி நேரம் பெற ஏறத்தாழ இரண்டு கிலோ கரி தேவைப்பட்டது. பல கப்பல்களின் கொதிகலன்களுக்குக் கடல்நீரையே ஊட்டினார்கள். நீர் ஆவியாகப் போக, உப்பு உள்ளே படியும். அதை வெளியேற்றச் சூடான நீரை அவ்வப்போது கடலில் கொட்ட வேண்டும். அந்தச் சூட்டோடு கரியும் வீண்.

கரிக்கு அடுத்த தேவை குடிநீர். சோற்றுப் பானை மூடியின் அடியில் ஆவி குளிர்ந்து துளிகளாகத் தொங்குவதுபோல, கடல்நீரின் ஆவியைக் குளிரவைத்து நன்னீராக்கும் ஒடுக்கி அலபாமாவில் இருந்தது. ஆகவே தண்ணீருக்காக அது கரைக்கு வரவேண்டியதில்லை. உணவும் கயிறும் பாய்த்துணியும் பிடிபட்ட கப்பல்களிலிருந்தே கிடைத்தன. கரைக்கு இழுத்தது பெரும்பாலும் கரிதான்.

கரி வாங்கவும் சட்டம் குறுக்கே நின்றது. போரிடும் இரு தரப்புக் கப்பல்களும் பிரித்தானியத் துறைமுகத்தில் தம் நாட்டின் மிக அருகிலுள்ள துறைமுகத்தை அடையப் போதுமான கரியை மட்டும் ஏற்றலாம். மூன்று மாதத்துக்குள் மறுபடி ஏற்றக் கூடாது என்று 1862 ஜனவரியில் இலண்டன் விதி வகுத்தது. இந்து சமுத்திரத்தின் முக்கியத் துறைமுகங்களில் பல பிரித்தானியக் கையில் இருந்ததால் ஒவ்வொரு கூடைக் கரிக்கும் செம்ஸ் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பிடித்த கப்பல்களில் ஆறேழு நீங்கலாக மற்றவை எல்லாமே பாயில் ஓடியபோது பிடிபட்டவை என்று அவர் எழுதினார்.

கண்ணுக்கு எட்டிய தூரம்

ரேடாரும் வானொலியும் இல்லாத காலம். கடலில் இரையைத் தேடக் கண்தான் கருவி. பூமி உருண்டை என்பதால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு தூரம் தெரியும். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். 2,036 மீற்றர் உயரமான நமுனுகுலை உச்சியில் நிற்பவருக்கு அடிவானம் ஏறத்தாழ 160 கிலோமீற்றர். பாய்மர உச்சியில், 30 மீற்றர் உயரத்தில் இருக்கும் மாலுமிக்கு 20 கிலோமீற்றர்தான்.

ஆனால் எதிரே வரும் கப்பலின் பாய்மரமும் அதே உயரம். இரு உச்சிகளும் ஒன்றையொன்று 40 கிலோமீற்றர் தொலைவிலேயே காணும். 40 கிலோமீற்றர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீற்றர். பதுளை மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அவ்வளவு கடலை ஒரே மாலுமி காவல் பார்க்கலாம். கப்பல்கள் எல்லாம் காற்றும் நீரோட்டமும் காட்டும் சில பாதைகளில்தான் வரும் என்பதால், அந்தச் சந்திகளில் காத்திருந்தால் போதும்.

இதிலும் கரியை எரிக்காமல் இருப்பது ஆதாயம். நீராவிக் கப்பலின் கரும்புகை அடிவானத்துக்கு அப்பாலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். பாயில் வரும் கப்பலைப் பார்த்தால் யாரும் வணிகக் கப்பல் என்றே நினைப்பார்கள். அலபாமா பிரித்தானியக் கொடியையோ எதிரியின் கொடியையோ ஏற்றிக்கொண்டு நெருங்கும். பீரங்கி எட்டும் தூரத்தில் சொந்தக் கொடியை ஏற்றும்.

செய்தியின் வேகமும் அதற்குத் துணைபோனது. 1864இல் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கோ இலங்கைக்கோ நேரடித் தந்தி இல்லை. காலித் துறைமுகத்துக்கு வரும் தபால் கப்பல்தான் உலகச் செய்தியைக் கொண்டுவந்தது. கப்பலின் வேகமும் செய்தியின் வேகமும் ஒன்றாக இருந்தால், அலபாமா எங்கே என்பது தெரியவரும்போது அது வேறெங்கோ போயிருக்கும். அதைத் தேடிய 'வயோமிங்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சுந்தா நீரிணைப் பக்கம் சுற்றிய காலத்திலேயே, 1863 நவம்பரில், அதே நீரிணையை ஒட்டி மூன்று அமெரிக்கக் கப்பல்கள் பிடிபட்டன.

அரிசிக் கப்பல்கள்

1863 டிசம்பர் 21இல் செம்ஸ் சிங்கப்பூருக்குள் நுழைந்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்கள் அங்கே வேலையின்றிக் கிடந்தன. பிடிபடும் என்று பயந்து வணிகர் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள். கரி ஏற்றிக்கொண்டு 24ஆம் திகதி வெளியேறிய அன்றே 'மார்ட்டபான்' என்ற கப்பலை அலபாமா பிடித்தது. பர்மாவின் மௌல்மேனிலிருந்து சிங்கப்பூருக்கு அரிசி கொண்டுபோன கப்பல் அது. 'டெக்சன் ஸ்டார்' என்ற அமெரிக்கக் கப்பலாக இருந்ததைப் பெயர் மாற்றி, பிரித்தானியக் கொடி ஏற்றியிருந்தார்கள். பத்திரங்கள் போலி என்று தீர்மானித்து செம்ஸ் அதை எரித்தார். 26ஆம் திகதி மலாக்கா நீரிணையின் மேற்கு வாயிலில் 'சொனோரா', 'ஹைலாண்டர்' என்ற இரண்டு பெரிய கப்பல்களும் எரிந்தன. சரக்கின்றிப் புறப்பட்டு, அரிசி ஏற்றப் பர்மாவின் அக்யாப்புக்குப் போய்க்கொண்டிருந்தவை அவை.

பர்மா அரிசி என்றால் மலையகத்தாருக்குத் தெரியும். ஊவாவின் கோப்பித் தோட்டங்கள் அன்று லயத்துக்குக் கொடுத்த அரிசி கடல் கடந்து வந்தது. தென்னிந்தியாவிலிருந்து, பிறகு பெருமளவு பர்மாவிலிருந்து. தோட்டத்தில் விளைவது கோப்பி, உண்பது வந்த அரிசி. இரண்டுமே கப்பலை நம்பியவை. ஆனாலும் 1864இல் பதுளைத் துரைமாருக்கு அலபாமாவால் கவலை இல்லை. இலங்கைக் கோப்பி பிரித்தானியக் கொடியில் இலண்டனுக்குப் போனது. செம்ஸ் தேடியது அமெரிக்கக் கொடியை மட்டும்.

இலங்கையைக் கடந்தபின் ஜனவரி 14இல் 'எம்மா ஜேன்' என்ற கப்பல் பிடிபட்டது. பம்பாயில் சரக்கு ஏற்றாமல் பர்மாவுக்குத் திரும்பிய மெயின் மாநிலத்துக் கப்பல் அது, அதுவும் எரிந்தது. அலபாமா சிறியது, உணவு அளவானது, ஆகவே கைதிகளை வைத்திருக்க இடமில்லை. திருவிதாங்கூர்க் கரையில் ஆங்கிலேயரின் பழைய கோட்டை இருக்கும் அஞ்சுதெங்கில் அவர்களை இறக்கிவிட்டு, அலபாமா ஆப்பிரிக்கக் கரையை நோக்கித் திரும்பியது. மேற்கே போகவும் வாடைதான் தள்ளிக்கொடுத்தது.

கணக்கில் வராத சேதம்

இரண்டு ஆண்டுக்குள் அலபாமா ஏறத்தாழ 65 கப்பல்களைப் பிடித்தது. பிடிபட்ட வணிகக் கப்பல்களில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஓயாத ஓட்டம் கப்பலைத் தின்றது. அடிப்பகுதியின் செப்புத் தகடுகள் உரிந்தன, கொதிகலன்கள் தேய்ந்தன, வெடிமருந்து ஈரம் பிடித்தது. பழுதுபார்க்க 1864 ஜூன் 11இல் பிரான்சின் செர்பூர் துறைமுகத்துக்குப் போனபோது, 'கியர்சார்ஜ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வாசலில் வந்து நின்றது. ஜூன் 19இல் இரண்டும் மோதின. கியர்சார்ஜின் பக்கங்களில் கவசமாக இரும்புச் சங்கிலிகள் தொங்கின. அதன் பின்தூணில் பாய்ந்த அலபாமாவின் குண்டு வெடிக்கவே இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அலபாமா மூழ்கியது. சிதைவை 1984இல் பிரெஞ்சுக் கடற்படை கண்டுபிடித்தது.

மூழ்கிய கப்பல்களின் பெறுமதியைவிடப் பெரிய சேதம் வேறு. காப்புறுதிக் கட்டணம் ஏறியது, அமெரிக்கக் கொடிக்குச் சரக்குக் கிடைக்கவில்லை. உரிமையாளர்கள் ஏறத்தாழ எட்டு இலட்சம் தொன் கொள்ளளவுள்ள கப்பல்களை வேற்று நாட்டுக் கொடிகளுக்கு மாற்றினார்கள்; போர் முடிந்தபின்னும் அவற்றில் பெரும்பகுதி திரும்பவில்லை. அலபாமாவைக் கட்டவிட்ட குற்றத்துக்கு ஜெனீவாவில் கூடிய நடுவர் மன்றம் 1872இல் பிரித்தானியாவுக்கு 155 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. இரு நாடுகள் துப்பாக்கி தூக்காமல் வழக்காடித் தீர்த்துக்கொண்டதற்கு அது பேர்போன முன்மாதிரி. அந்தத் தீர்ப்பு ஒன்றுதான் அலபாமாவால் உலகம் பெற்ற நன்மை. அடிமை முறைக்காக ஓடிய கப்பலின் சாகசங்களை வியப்பவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கொடி மாறியது, கடல் மாறவில்லை

ஐம்பது ஆண்டுகள் கழித்து வேட்டை திசை திரும்பியது. 1914இல் ஜெர்மானியக் கப்பலான எம்டன் பிரித்தானியக் கொடியைத் தேடி இந்து சமுத்திரத்துக்குள் வந்தது. இப்போது ஊவாவில் கோப்பி இல்லை, தேயிலை. 1869இல் மடுல்சீமையில் முதன்முதல் கண்ணில் பட்ட கோப்பி இலைத் துரு நோய் கோப்பியை ஒழித்துவிட்டிருந்தது. தேயிலையும் அதை ஏற்றும் கப்பலும் இப்போது இரை. செப்டெம்பர் 13இல் தேயிலை ஏற்றிய 'டிப்ளோமாட்' வங்கக் கடலில் மூழ்கியது. 22ஆம் திகதி இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. அடுத்த நாட்களில் கொழும்புக்கும் மினிக்கோய்க்கும் இடையில் கப்பல்கள் வரிசையாக மறைந்தன.

எம்டனுக்குப் பாய் இல்லை. அதன் மும்மடி விரிவு இயந்திரத்தில் நீராவி, ஒன்றைவிட ஒன்று பெரிதான மூன்று உருளைகளில் அடுத்தடுத்து வேலை செய்யும். அதனால் ஒரு குதிரைவலு-மணிக்கு முக்கால் கிலோ கரி போதும். அப்படியும் கரி தீரும். அலபாமாவுக்கு இலவசக் காற்று இருந்தது. எம்டன் பகைவரின் கரிக் கப்பல்களைப் பிடித்துத்தான் ஓட வேண்டும். செப்டெம்பர் இறுதியில் பிடித்த 'புரெஸ்க்'கின் வேல்ஸ் கரி கிடைத்திராவிட்டால் அதன் பயணம் அங்கேயே நின்றிருக்கும்.

செய்தியின் வேகமும் மாறியிருந்தது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவின் வானொலி நிலையத்தை அழிக்க ஒரு குழு கரையிறங்கியபோதே, அங்கிருந்து போன எச்சரிக்கை அருகில் சென்ற ஒஸ்ரேலியக் கப்பல் 'சிட்னி'யை வரவழைத்துவிட்டது. எம்டன் அன்றே நொறுங்கியது. கரையில் மாட்டிக்கொண்ட அந்தக் குழுவின் ஏறத்தாழ ஐம்பது பேரும் தப்பியது 'அயேஷா' என்ற சிறு பாய்க்கப்பலில். காற்றுக்குக் கரி வேண்டாம்.

போர் மலைக்கும் ஏறியது. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை அடைக்க 1900இல் உருவான தியத்தலாவை முகாமில், 1914இல் இலங்கையில் இருந்த ஜெர்மானியரை அடைத்தார்கள். பௌத்த அறிஞரான ஞானதிலோக தேரரும் அவர்களில் ஒருவர். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அரிசி வரத்து நின்றது, பங்கீடு வந்தது, தோட்டங்களில் அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. கோப்பிக் காலத்தில் கொடி காத்த கடல் பாதை, தேயிலைக் காலத்தில் லயத்துச் சோற்றையே பறித்தது.

2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் நடந்ததும் இதே விதிதான். யேமனின் ஹூதிகள் மூழ்கடித்த கப்பல்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் நூற்றுக்கணக்கான கப்பல்கள் பாதையை மாற்றி நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. தூரம் கூடினால் எரிபொருளும் நாட்களும் கூடும். காப்புறுதியும் சேர்ந்து ஏறும். அந்தச் செலவின் ஒரு பகுதி துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் போகும் இலங்கைத் தேயிலையின் விலையில் விழும். ஏலத்தில் குறையும் ஒவ்வொரு ரூபாவும் பிறகு தோட்டத்துக் கணக்கில் தெரியும். ஆகவே கடலில் கப்பல் தாக்கப்பட்டது என்று செய்தி வந்தால், எத்தனை மூழ்கியது என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை கப்பல்கள் புறப்படாமல் நின்றன, காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். அலபாமா விளைத்த பெருஞ்சேதமும் அந்த இரண்டு எண்களில்தான் இருந்தது.